நயா பைசாவும் ஜேசனும்

எறணாகுளம் பிராட்வேக்குப் போனவர்களுக்குத் தெரியும், அது பெயரில்தான் அகலம். நாலு பேர் சேர்ந்து நடந்தால் எதிரே வருபவர் கடைப்படியில் ஏறி நிற்க வேண்டும் :-) காயலுக்கு அந்தப் பக்கம் மட்டாஞ்சேரி, மிளகும் சுக்கும் ஏலக்காயும் மொத்தமாகக் கைமாறிய இடம். இந்த இரண்டு கரைகளுக்கும் நடுவே படகில் போய்வந்து வளர்ந்தவன் நான். படித்தது பி.காம்., பார்ப்பது வங்கி வேலை. அதனால் மிளகின் வாசனையை விட, அதை எழுதிவைத்த கணக்கின் மேல்தான் எனக்கு ஆசை அதிகம்.

ஒரு பழைய கடிதத்தில் "பத்து கண்டி" என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு எடை? 20 மணங்கு ஒரு கண்டி. இதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் மெட்ராஸ் மணங்கு 25 ராத்தல், பம்பாய் மணங்கு 28 ராத்தல். ஆக மெட்ராஸ் கண்டி 500 ராத்தல், பம்பாய் கண்டி 560. பத்து கண்டிக்கு 600 ராத்தல் வித்தியாசம், அதாவது இன்றைய கணக்கில் சுமார் 272 கிலோ! எழுதிய எண் ஒன்றேதான். எந்த ஊர்க் கண்டி என்று கேட்காமல் விலை பேசியவர் பாடு திண்டாட்டம்.

பணத்திலும் இதே கதை. பிராட்வே கொச்சி ராஜ்யம். சில மைல் தள்ளியிருக்கும் இடப்பள்ளி திருவிதாங்கூர். அங்கே சர்க்கார் ரூபாய்க்கு 28 சக்கரம், பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம். வெறுமனே "ஆயிரம் ரூபாய்" என்று எழுதினால் போதாது. ஆயிரம் பிரிட்டிஷ் ரூபாய் என்பது 1017 சர்க்கார் ரூபாயும் 24 சக்கரமும். 1949-இல் இரண்டு ராஜ்யங்களும் இணைந்து திருவிதாங்கூர்-கொச்சி ஆனது.

அடுத்து வந்தது 1957 ஏப்ரல் 1. அதுவரை ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா. அன்று முதல் 100 பைசா. பழைய பைசாவும் புதிய பைசாவும் ஒன்றாகப் புழங்கினால் குழப்பம் வருமே? அதற்காகத்தான் புதியதற்கு 'நயா பைசா' என்று பெயர் வைத்தார்கள். பழையது வழக்கொழிந்த பிறகு, 1964-இல் 'நயா' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. எண்ணோடு சேர்த்து அது எந்த வகை என்பதையும் நாணயத்திலேயே பொறித்துவிட்டார்கள்.

சரி, ஜேசன் எங்கே வந்தது? உங்கள் வீடுகளில் பாதிப் பேர் சாப்ட்வேர்க்காரர்கள், அவர்களுக்குத் தெரியும். இரண்டு கம்ப்யூட்டர் புரோகிராம்கள் ஒன்றுக்கொன்று எழுதிக்கொள்ளும் கடிதம்தான் ஜேசன். எண், எழுத்து, பட்டியல், 'ஒன்றுமில்லை' என்று சில வகைகள் அதில் உண்டு. ஆனால் அனுப்புகிறவர் எப்போதும் ஒரே வகையில்தான் எழுதவேண்டும் என்று ஜேசன் கட்டாயப்படுத்தாது.

எங்கள் பிரிவுக்கு வரும் தகவலில் தொகை ஒரு நாள் 1500 என்று எண்ணாக வரும். மறுநாள் மேற்கோள் குறிக்குள் எழுத்தாக வரும். ஒரே பரிவர்த்தனை என்றால் தனியாக, இரண்டு என்றால் பட்டியலாக. ஒன்றும் இல்லையென்றால் சில சமயம் காலியாக. புரோகிராம் நின்றுபோனால்கூடப் பரவாயில்லை, நிற்காமல் ஓடினால்தான் ஆபத்து. ஜாவாஸ்கிரிப்டில் எழுத்தாக வந்த 1500-உடன் 500-ஐக் கூட்டினால் 2000 வராது, 1500500 வரும்!

பெரிய நிறுவனங்களுக்கும் இந்தத் தலைவலி உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் எண்கள் 9,00,71,99,25,47,40,992-ஐத் தாண்டினால் கடைசி இலக்கங்கள் பிசகலாம். அதனால் ட்விட்டர் 2010-இல் பதிவு எண்ணை எண்ணாகவும் எழுத்தாகவும் இரண்டு முறை அனுப்ப ஆரம்பித்தது. நயா பைசா மூளைதான் :-)

ஊருக்குப் பணம் அனுப்பும் நமக்கு இதில் நேரடியான பங்கு இருக்கிறது. கணக்கு 'எண்' என்கிறோம், ஆனால் யாராவது அதைக் கூட்டிக் கழிப்பதுண்டா? அது எண் வேடம் போட்ட பெயர். எண்ணாக எடுத்துக்கொண்டால் முன்னால் இருக்கும் பூஜ்யங்கள் காணாமல் போகும். ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் ஐந்தாவது இடத்தில் இருப்பது பூஜ்யம், 'ஓ' எழுத்து அல்ல. பிசகினால் ஊரில் அம்மா வங்கிக்கு இரண்டு நடை நடக்க வேண்டும்.

அப்படியானால் என்ன செய்வது? பழைய கணக்கிலேயே விடை இருக்கிறது. சரக்கு உள்ளே வரும்போதே எந்தக் கண்டி என்று கேட்டு, ஒரே அளவுக்கு மாற்றி, அதற்குப் பிறகு பேரேட்டில் ஏற்ற வேண்டும். புரோகிராமும் வாசலிலேயே வகையைப் பார்த்து மாற்றிவிட வேண்டும். உள்ளே பத்து இடங்களில் மாற்றக் கூடாது. 1957-இல் ஓர் அணாவுக்கு 6 நயா பைசா. மூன்று அணாவைத் தனித்தனியாக மாற்றினால் 18, சேர்த்து மாற்றினால் 19. ஒரு பைசா அங்கேயே தொலைந்தது! இன்னொன்று, காலியாக வந்ததைப் பூஜ்யம் என்று எழுதிவிடக் கூடாது. விலை தெரியாத மூட்டை இலவச மூட்டை ஆகாது. தனியே எடுத்துவைத்து, அனுப்பியவரைக் கேட்க வேண்டும்.

ஊருக்குப் பேசும்போது வீட்டுப் பெரியவர்களிடம் வீசை, மணங்கு, சக்கரம் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லும் அளவோடு எந்த ஊர் அளவு என்பதையும் மறக்காமல் எழுதிவையுங்கள்.