பிளானிங் பெட்டியிலிருந்து கிளவுடுக்கு: ஒரு கம்பெனியின் நாற்பதாண்டுக் கதை

மலர்க் குழுவில் இருக்கும் நண்பர்கள், "ஏதாவது எழுதிக் கொடுப்பா, ஆனா ஹாஸ்டல் நினைவுகள் மட்டும் வேண்டாம், அது ஏற்கெனவே நிறைய வந்தாச்சு" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே நான் அன்றாடம் புழங்கும் துறையிலிருந்து ஒரு சரித்திரத்தை எடுத்துக்கொண்டேன். இது கனடாவின் தலைநகரான ஆட்டவாவில், கனாட்டா என்ற பகுதியிலிருந்து வளர்ந்த கினாக்சிஸ் என்ற மென்பொருள் கம்பெனியின் கதை. எனக்கும் அந்தக் கம்பெனிக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் கிடையாது. வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பிளானிங் பிரிவில் வேலை பார்ப்பவன் என்ற முறையில், இவர்கள் எந்தத் தலைவலிக்கு மருந்து தேடினார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தத் தலைவலி எனக்கும் உண்டு!

கிரைண்டர் கணக்கு

முதலில் தலைவலியைச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் ஒருவர் வெட் கிரைண்டர் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தீபாவளிக்கு 500 கிரைண்டர் ஆர்டர். ஒரு கிரைண்டருக்கு ஒரு மோட்டார், ஒரு டிரம், மூன்று கல். ஆக 1,500 கல் வேண்டும். கையிருப்பு 400 போக 1,100 வாங்க வேண்டும். கல் வந்து சேர 20 நாள், மோட்டார் வர 30 நாள். தீபாவளியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் எதை என்றைக்கு ஆர்டர் போட வேண்டும் என்று வந்துவிடும்.

இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் ஒரு காரிலோ டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலோ ஆயிரக்கணக்கான பாகங்கள். ஒவ்வொரு பாகத்துக்குள்ளும் வேறு பாகங்கள். இந்தக் கணக்கைக் கணினியில் போடும் முறைக்குத்தான் எம்.ஆர்.பி. என்று பெயர். ஐ.பி.எம்.மில் இருந்த ஜோசப் ஓர்லிக்கி 1960-களில் இதற்கு வடிவம் கொடுத்தார். 1975-இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். நம் பாடத்திட்டத்தில் புரொடக்‌ஷன் பிளானிங் படித்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். மற்றவர்கள் பரீட்சைக்கு முந்தின ராத்திரி படித்திருப்பார்கள்.

கணக்கு சரிதான், நேரம்தான் பிரச்சினை. அந்தக் காலக் கணினிகளில் பெரிய தொழிற்சாலைகளின் எம்.ஆர்.பி. ஓடி முடிக்க ஒரு ராத்திரி முழுக்க ஆகும்; சில இடங்களில் சனி, ஞாயிறும் சேர்ந்து போய்விடும். திங்கட்கிழமை காலையில் கட்டுக் கட்டாகக் காகிதம் வரும். பத்து மணிக்கு "மோட்டார் ஒரு வாரம் லேட்டாகும்" என்று சப்ளையர் போன் செய்தால் அத்தனையும் பழங்கதை. அப்படியானால் எந்த ஆர்டர் தள்ளிப்போகும், எந்த லைன் நிற்கும்? "இப்படி ஆனால் என்ன ஆகும்?" என்ற அந்தக் கேள்விக்குப் பதில் அடுத்த வாரம்தான் கிடைக்கும்.

மைட்டெல்லை விட்டு வந்தவர்கள்

1970-களில் ஆட்டவாவில் மைட்டெல் என்ற டெலிபோன் கருவிக் கம்பெனி வேகமாக வளர்ந்தது. மைக்கேல் கௌப்லண்ட், டெரி மேத்யூஸ் இருவரும் 1973-இல் தொடங்கியது அது. அங்கே வேலை பார்த்த பொறியாளர்கள் சிலர் வெளியே வந்து 1984-இல் கேடன்ஸ் கம்ப்யூட்டர் என்ற சிறு கம்பெனியைத் தொடங்கினார்கள். டங்கன் கிளெட் அவர்களில் ஒருவர்.

எம்.ஆர்.பி. கணக்கை வேகமாகப் போடுவதற்கென்றே ஒரு தனிக் கணினியை உருவாக்க அவர்கள் முனைந்தார்கள். பொதுக் கணினியில் மணிக்கணக்கில் ஓடுவது இந்தப் பெட்டியில் நிமிடக்கணக்கில் முடிய வேண்டும் என்பதே நோக்கம். டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்காமல், டேட்டாவை மெமரியிலேயே வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது அவர்களுடைய வழியாக நிலைத்தது. அன்றைக்கு மெமரி விற்ற விலைக்கு இது பெரிய துணிச்சல்.

ஆனால் தனிப் பெட்டிக்கு ஆயுள் குறைவு. சாதாரணக் கணினிகளின் வேகம் வருடத்துக்கு வருடம் கூடியது, மெமரி விலை சரிந்தது. சொந்தமாகப் பெட்டி செய்பவன் அந்த ஓட்டத்தில் ஜெயிக்க முடியாது. பெட்டியைக் கைவிட்டு மென்பொருளுக்கு மாறினார்கள். கேடன்ஸ் என்ற பெயர் கார்ப் சிஸ்டம்ஸ் இன்டர்நேஷனல் ஆனது, பிறகு என்டர்பிரைஸ் பிளானிங் சிஸ்டம்ஸ், பிறகு இன்டர்நெட் அலையில் வெப்பிளான். 2005-இல்தான் கினாக்சிஸ். நம்ம ஊரில் இத்தனை தடவை பெயர் மாற்றினால் ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்தார்களா என்று கேட்பார்கள்.

ஒரு ராட்சசனின் கதை

இதே காலத்தில் அமெரிக்காவில் ஐ2 டெக்னாலஜீஸ் என்ற கம்பெனி இதே துறையில் கொடிகட்டிப் பறந்தது. சஞ்சீவ் சித்து, கென் சர்மா என்ற இருவர் 1988-இல் டெக்சாஸ் மாநிலத்தில் தொடங்கினார்கள். 1996-இல் பங்குச் சந்தைக்கு வந்தது. 2000-ஆம் ஆண்டு டாட்காம் காய்ச்சலில் அதன் சந்தை மதிப்பு ஆயிரக்கணக்கான கோடி டாலர்!

2001-இல் ஷூ கம்பெனியான நைக்கியில் ஐ2-வின் தேவை கணிப்பு மென்பொருள் சிக்கலில் மாட்டியது. விற்காத ஷூக்கள் மலையாகக் குவிந்தன, விற்கும் ஷூக்கள் போதவில்லை. ஒரு காலாண்டில் சுமார் 10 கோடி டாலர் விற்பனை போனதாக நைக்கி அறிவித்தது. மென்பொருளைப் பொருத்திய முறைதான் தவறு என்றது ஐ2. யார் சொன்னது சரி என்ற வழக்குக்குள் நாம் போக வேண்டாம். டாட்காம் குமிழி உடைந்த நேரமும் சேர்ந்துகொள்ள, ஐ2 பிறகு எழுந்திருக்கவே இல்லை. 2010-இல் சுமார் 40 கோடி டாலருக்கு ஜே.டி.ஏ. கம்பெனி அதை வாங்கிக்கொண்டது.

அன்றைய வியாபார முறையும் கவனிக்க வேண்டியது. வாடிக்கையாளர் கோடிக்கணக்கில் லைசென்ஸ் கட்டணத்தை முன்னதாகக் கொடுத்து, தன் சொந்தக் கணினிகளில் மென்பொருளை ஏற்றி, வருடக்கணக்கில் சரிசெய்துகொண்டிருக்க வேண்டும். கட்டணம் கைக்கு வந்தபின், வாடிக்கையாளர் அதை உபயோகிக்கிறாரா என்ற கவலை விற்றவருக்குக் குறைவு.

வாடகைக்கு வந்த மென்பொருள்

கினாக்சிஸ் 2000-களில் எடுத்த முக்கியமான முடிவு இங்கேதான் வருகிறது. மென்பொருளை விற்பதை விட்டு, தன் கணினி மையத்திலேயே ஓட்டி இணையம் வழியாக வாடகைக்குக் கொடுக்கத் தொடங்கியது. கிளவுட் என்ற வார்த்தை எல்லோர் வாயிலும் புகாத காலம் அது. வாடகை வீட்டுக்கார் மாதிரி, கூரை ஒழுகினால் கம்பெனிதான் பார்க்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் வாடிக்கையாளர் ஒப்பந்தம் முடிந்ததும் காலி செய்துவிடலாம். ஆரம்பத்தில் வருமானம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். பொறுமை வேண்டும்.

ரேபிட் ரெஸ்பான்ஸ் என்ற அவர்களுடைய மென்பொருளின் சூட்சுமம் சுவையானது. "மோட்டார் ஒரு வாரம் லேட் ஆனால்?" என்று ஒருவர் பார்க்க விரும்பினால், முழு டேட்டாவையும் நகல் எடுப்பதில்லை. மாறிய எண்களை மட்டும் தனியாகக் குறித்துக்கொண்டு, அதன் விளைவை மேலிருந்து கீழ்வரை கணக்குப் போடும். இதனால் வாங்குபவர், விற்பவர், உற்பத்திக்காரர் என்று பல பேர் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு "இப்படி ஆனால்" கணக்கைப் போட்டு ஒப்பிட முடியும். மெமரியில் வைத்துக் கணக்குப் போடும் பழைய யோசனையின் தொடர்ச்சிதான் இது.

2014 ஜூனில் டொரண்டோ பங்குச் சந்தைக்கு வந்தார்கள். பங்கு விலை 13 கனேடிய டாலர், திரட்டிய தொகை சுமார் 10 கோடி கனேடிய டாலர். அதற்கு முந்தைய வருட வருமானம் சுமார் 6 கோடி அமெரிக்க டாலர். முப்பது வருட உழைப்புக்குப் பிறகு வந்த தொகை அது! 2024-இல் வருமானம் சுமார் 48 கோடி டாலர், அதாவது ஏறக்குறைய எட்டு மடங்கு. இந்த வளர்ச்சியின் பெரும்பகுதியில் தலைவராக இருந்த ஜான் சிகார்ட் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டவர் அல்ல. 1994-இல் சேர்ந்து, 2016-இல் தலைமைப் பொறுப்பேற்று, 2024 இறுதியில் ஓய்வு பெற்றார். ஃபோர்டு, யூனிலீவர் போன்றவை வாடிக்கையாளர்கள். மென்பொருளின் இன்றைய பெயர் மாஸ்ட்ரோ. நம் சென்னையிலும் அவர்களுக்கு அலுவலகம் இருக்கிறது.

உலகம் கொடுத்த பாடம்

இவர்களுடைய கேள்வியின் அருமையை உலகத்துக்குப் புரியவைத்தவை விபத்துகள்தான். 2011 மார்ச்சில் ஜப்பானில் பூகம்பம் வந்து ரெனெசாஸ் கம்பெனியின் நாகா சிப் தொழிற்சாலை முடங்கியபோது, எங்கோ இருந்த கார் தொழிற்சாலைகள் தடுமாறின. அதே வருடம் தாய்லாந்து வெள்ளத்தில் ஹார்ட் டிஸ்க் தட்டுப்பாடு. எங்கள் செட் அப்போது மூன்றாம் ஆண்டு. கம்ப்யூட்டர் வாங்க நினைத்தவர்கள் விலையைக் கேட்டுத் திரும்பி வந்தது ஞாபகம் இருக்கலாம். பிறகு 2020-இல் கொரோனா, 2021-இல் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல், கூடவே சிப் பஞ்சம்.

2021-இல் கார் கம்பெனிகள் உற்பத்தியைக் குறைத்தபோது, எங்களைப் போன்ற உதிரிபாகக்காரர்களுக்கு ஆர்டர் வாரத்தில் இரண்டு மூன்று தடவை மாறியது. நாங்கள் எக்செல்லில் உட்கார்ந்து கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அடுத்த மாற்றம் வந்துவிடும். ஷிப்ட் உண்டா இல்லையா என்று முந்தின நாள் சாயங்காலம்தான் சொல்ல முடிந்தது. நிரந்தரத் தொழிலாளிக்கு அது வெறும் அலைச்சல். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அன்றைய கூலி போச்சு. பிளானிங் கணக்கு இரண்டு நாள் முந்தி வந்திருந்தால் அவர் வேறு வேலையாவது பார்த்திருப்பார். சப்ளை செயின் என்றால் பலருக்குக் கப்பலும் கன்டெய்னரும்தான் கண்ணுக்குத் தெரியும். எனக்கு அந்தத் தொழிலாளியின் முகம்தான் தெரிகிறது.

தம்பி தங்கைகளுக்கு

தற்போது படிக்கும் தம்பி தங்கைகள் "எந்தக் கோர்ஸ் சேர்ந்தால் வேலை கிடைக்கும், எந்த மென்பொருள் கற்றுக்கொள்ள வேண்டும்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கதையைப் பாருங்கள். 1984-இல் அவர்கள் கற்ற ஹார்டுவேர் இன்று காட்சிக்கூடத்துக்குப் போய்விட்டது. பெட்டி, மென்பொருள், வெப், கிளவுட் என்று கருவி மாறிக்கொண்டே வந்தது. ஓர்லிக்கியின் கணக்கும், "இப்படி ஆனால் என்ன ஆகும்?" என்ற கேள்வியும் அப்படியே இருக்கின்றன. கருவியைக் கற்றுக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே ஏதாவது ஒரு தொழிற்சாலையில் ஒரு வாரம் நின்று, ஒரு பாகம் வராவிட்டால் என்னென்ன நிற்கிறது என்று கண்ணால் பாருங்கள். சப்ளையர் 20 நாள் என்று சொல்லிவிட்டு 35 நாளில் அனுப்பினால், எந்தக் கிளவுடும் உங்களைக் காப்பாற்றாது. அந்த 35-ஐக் கண்டுபிடித்து எழுதுவது மனிதர் வேலை.

இன்டர்ன்ஷிப்புக்கு இடம் தேடுபவர்கள் இந்தச் சந்திப்பு நாளில் மதியச் சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பிடியுங்கள். பாயசம் வருவதற்குள் பேசி முடித்துவிடலாம்.