குருந்தமும் சாணைக்கல்லும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வடகோடியில், கர்நாடகமும் ஆந்திரமும் தொடும் எல்லைப் பகுதியில் உள்ளது வேப்பனப்பள்ளி. மும்மொழியும் புழங்கும் இப்பகுதியில் கத்தி தீட்டும் கல்லைத் தமிழில் சாணை என்பர். கன்னடத்தில் சாணெ, தெலுங்கில் சான. யார் எப்படிச் சொன்னாலும் சாணை பிடிப்பவருக்கு விளங்கிவிடும். ஆனால் ஒரு காலத்தில் அந்தச் சாணைக்கு உயிராக இருந்த குருந்தத்தின் பெயர் மட்டும் வழக்கிலிருந்து நழுவிவிட்டது.

குருந்தம் என்பது அலுமினிய ஆக்சைடு. மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் வைரம் 10, குருந்தம் 9. மாணிக்கமும் நீலக்கல்லும் இதன் வகைகளே. பழைய சேலம் மாவட்டம் இக்கனிமத்துக்குப் பெயர் பெற்றது. தருமபுரி அருகே பாப்பாரப்பட்டி, நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி ஆகியவை அறியப்பட்ட இடங்கள். (தருமபுரி 1965இல் சேலத்திலிருந்தும், கிருஷ்ணகிரி 2004இல் தருமபுரியிலிருந்தும் பிரிந்தன.) 1798இல் சார்லஸ் கிரெவில் இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் இக்கல்லைப் பற்றிக் கட்டுரை எழுதினார். ஆங்கிலத்தின் 'கொரண்டம்' நம் குருந்தத்திலிருந்து போனதே என்று அகராதிகள் கூறுகின்றன.

குருந்தத்தை இடித்துச் சலித்து, உருக்கிய அரக்கில் கலந்து சக்கரமாக வார்ப்பது பழைய முறை. அரக்கு சூட்டில் இளகும். இது குறையாகத் தோன்றினாலும், தேய்ந்த சாணையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை என்ற வசதியும் இதிலேயே இருந்தது. அனலில் காட்டி, புதுத் தூளும் அரக்கும் சேர்த்து, மறுபடி வட்டமாக்கிக்கொள்ளலாம்.

வீட்டுச் சாணைக்கல்லின் கதை வேறு. எல்லோரும் நடுப்பகுதியிலேயே தீட்டுவதால் அங்கே குழி விழும். குழிவான கல்லில் கத்தியின் வாய் சீராகப் படியாது. எவ்வளவு தேய்த்தாலும் முனை மழுங்கும். இரண்டு கற்களுக்கு இடையே மணலும் நீரும் இட்டு ஒன்றோடொன்று உரசினால் பரப்பு மட்டமாகும். இன்னொரு சிக்கல், இரும்புத் துகள் கல்லின் நுண்துளைகளை அடைத்து மேற்பரப்பைப் பளபளப்பாக்குவது. பளபளக்கும் சாணை வெட்டாது, வழுக்கும். அதைக் கொத்தியோ உரசியோ புதிய மணிகளை வெளிக்கொண்டுவர வேண்டும். சுழலும் சக்கரத்துக்கு விட்டம் குறையக் குறைய விளிம்பின் வேகமும் குறையும். ஆகவே மிகவும் சிறுத்த சக்கரத்தை மாற்றத்தான் வேண்டும். புதிய சக்கரத்தைப் பூட்டுமுன் லேசாகத் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. ஒலி மங்கினால் உள்ளே விரிசல் இருக்கலாம். விரிசல் விட்ட சக்கரம் ஓடும்போது சிதறினால் உயிருக்கே ஆபத்து.

1891இல் அமெரிக்கரான எட்வர்டு அச்சன் மின்னுலையில் சிலிக்கன் கார்பைடைச் செய்தார். கார்பனும் கொரண்டமும் சேர்ந்த பொருள் என்று எண்ணி அதற்குக் 'கார்போரண்டம்' என்று பெயரிட்டார். எண்ணம் தவறு, பெயர் நிலைத்துவிட்டது. 1954இல் முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களோடு சேர்ந்து சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தைத் தொடங்கியது. பின்னர் ஓசூரிலும் அதற்கு ஆலை வந்தது. சேலத்து மண்ணின் சொல், கடல் கடந்து, உருமாறி, ஆலைப் பெயர்ப்பலகையாகப் பழைய சேலம் மாவட்டத்துக்கே திரும்பியிருக்கிறது!

நானும் பல ஆண்டுகள் கரும்பலகையில் 'கொரண்டம்' என்றே எழுதிப்போட்டவன்தான். அது தமிழ்ச் சொல் என்று ஓய்வு பெற்ற பிறகே தெரிந்துகொண்டேன்.