"ஏன் ஆசிரியர் ஆக விரும்புகிறீர்கள்?" - ஒரு கேள்வியின் வரலாறு

சென்னைக்கு மேற்கே உள்ள பாடி என்றதும் தொழிற்சாலைகளே பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் திருஞானசம்பந்தர் பாடிய திருவலிதாயம் இந்த ஊர்தான். தேவர்களின் ஆசிரியரான குரு பகவான் இங்கு வழிபட்டார் என்கிறது தல புராணம்.

குருவின் ஊரானாலும் சரி, வேறு ஊரானாலும் சரி, தனியார் பள்ளி நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்களிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி மேலே உள்ளது. "ஆசிரியப் பணி அறப்பணி" என்று பலரும் மனப்பாடமாகச் சொல்லிவிடுகிறார்கள். கேள்வி புதியதல்ல.

13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், யார் ஆசிரியர், யார் ஆசிரியர் அல்லர் என்று வகுத்துச் சொல்கிறது. குலத்தையும் ஒரு தகுதியாகச் சொன்னது அக்காலத்தின் குறை. ஆனால் நிலம் போன்ற பொறுமையும், தராசு போன்ற நடுநிலையும் வேண்டும் என்றது இன்றும் பொருந்தும். பேராசை, பொறாமை, வஞ்சம் உள்ளவர் ஆசிரியராகத் தகார் என்றும் அது கூறுகிறது. அதாவது, நோக்கமும் அன்றே சோதிக்கப்பட்டது.

ஆனால் நோக்கம் மட்டும் போதுமா? சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். 12,498 பள்ளிகள் இருந்தன. 1826-இல் அவர் எழுதிய குறிப்பில், ஆசிரியர்கள் பொதுவாக மாதம் ஆறு, ஏழு ரூபாய்க்கு மேல் சம்பாதிப்பதில்லை என்றும், தகுதியானவர்களை ஈர்க்க அது போதாது என்றும் கூறினார். ஆர்வம் இருந்தாலும் அடுப்பு எரிய வேண்டுமல்லவா!

அரசுப் பள்ளி வேலைக்கு இன்று எழுத்துத் தேர்வே முக்கியம். தமிழகத்தில் 2012 ஜூலையில் நடந்த முதல் ஆசிரியர் தகுதித் தேர்வில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. மதிப்பெண் அறிவை அளக்கும், மனதை அளக்காது. அதனால்தான் தனியார் பள்ளிகளில் இந்தக் கேள்வி இன்னும் வாழ்கிறது.

பதில் தயாரிப்பவர்கள் இரண்டையும் நினைவில் கொள்ளலாம். "சேவை" என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாமல், புரியாத ஒரு பிள்ளைக்கு எதை, எப்படிப் புரிய வைத்தீர்கள் என்று சொல்லுங்கள். நன்னூல் கேட்ட பொறுமை அதில் தெரியும். சம்பளம் பற்றிக் கேட்கவும் கூச்சம் வேண்டாம். நன்னூல் விலக்கியது பேராசையைத்தான், ஊதியத்தை அல்ல. சேவை என்று சொல்லிக் குறைந்த சம்பளம் தரும் பள்ளிகளும் மன்றோவின் குறிப்பை ஒருமுறை படிப்பது நல்லது.