பிடியரிசியும் ஊர்ப்பணியும்

ஈழத்துத் தமிழ்க் கிராமங்களிற் காணப்படும் பள்ளிகள், வாசிகசாலைகள், கேணிகள், மடங்கள் ஆகியவற்றுட் பல அரசின் திறைசேரியால் எழுந்தவை அல்ல. ஊரவர் கூடித் திட்டமிட்டு, தாமே பொருள் திரட்டி ஆக்கியவை அவை. இம்மரபை ஆராயுமிடத்து, திரட்டப்பெற்ற பொருளின் அளவினும் அது திரட்டப்பெற்ற முறையே பெரிதும் கவனிக்கத்தக்கது.

1848ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மிஷன் பாடசாலைகளுக்குக் கடல்கடந்த சபைகளின் பொருளுதவி இருந்தது. நாவலரின் பள்ளிக்கு அத்தகைய ஆதாரம் இல்லை. அதனைத் தாங்கியவற்றுள் ஒன்று பிடியரிசி. உலையில் இடுவதற்கென அளந்தெடுத்த அரிசியில் ஒரு பிடியை இல்லாள் வேறாக ஒரு பானையில் இட்டு வைப்பாள். அவ்வாறு சேர்ந்த அரிசி பள்ளியின் செலவுக்கு உதவியது. செல்வர் ஒருவர் ஒருமுறை வழங்கும் பெருங்கொடை, கொடுத்தவரின் பெயரை நிறுத்தும். நாள்தோறும் இடும் ஒரு பிடியோ, அப்பள்ளி தம்முடையது என்னும் எண்ணத்தை ஒவ்வொரு வீட்டிலும் நிறுத்தியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து யாழ்ப்பாணத்து இளைஞர் மலாயாவுக்கு உத்தியோகம் நாடிச் சென்றனர். வடபகுதிப் புகையிரதப் பாதை 1905இல் நிறைவுற்றபின் கொழும்புக்குச் செல்வோர் தொகையும் பெருகிற்று. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியேறிய எழுதுவினைஞரும் வணிகரும் ஊரை மறந்தாரல்லர். ஊர்ச் சங்கங்கள் அமைத்து, மாதச் சந்தா சேர்த்து, ஊர்ப் பள்ளிக்கும் வாசிகசாலைக்கும் அனுப்பினர். கூடிச் செயலாற்றும் இப்பழக்கம் நகரிலும் தழைத்தது. 1902இல் தோன்றிக் கொட்டாஞ்சேனையில் நிலைபெற்ற விவேகானந்த சபையும், 1930களில் வெள்ளவத்தையில் வேரூன்றிய சைவ மங்கையர் கழகமும் இதற்குச் சான்றாம். வடக்கில் 1923இல் தோன்றிய சைவ வித்தியாவிருத்திச் சங்கம், சிதறிக்கிடந்த கிராம முயற்சிகளை ஒருங்கிணைத்துப் பல பாடசாலைகளை நடத்தியது.

எனினும் இவ்வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. 'ஊர்' என்ற சொல்லுள் அடங்கியோர் யாவர்? கேணியை வெட்டிய கைகள் எல்லாம் அதில் நீர் அள்ளும் உரிமை பெற்றிருக்கவில்லை. 1930ஆம் ஆண்டையொட்டி, உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதி மாணவர்க்கும் சம ஆசனம் வழங்கவேண்டுமென்ற விதி வந்தபொழுது, யாழ்ப்பாணத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது; சில பள்ளிகள் தீக்கிரையாயின. ஊரின் பொருளால் எழுந்த பள்ளி, ஊரில் அதிகாரம் உடையோரின் வேலியாகவும் அமைந்தது என்பதை மறைத்தல் வரலாறு ஆகாது.

1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. கல்வி பொதுவுடைமையாகியது நன்மையே. ஆயின், கூரை ஒழுகினால் கிடுகு கொண்டு ஓடிவந்த ஊரவர், அதன்பின் திணைக்களத்துக்கு விண்ணப்பம் எழுதிக் காத்திருக்கலாயினர். இதற்குச் சற்று முன்னர், 1958இல், கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஆரியரத்தின தம் மாணவருடன் கனத்தொலுவை என்னும் கிராமத்தில் நடத்திய சிரமதானம், வேறொரு வழியைக் காட்டியிருந்தது. சமூகத்தால் ஒதுக்கப்பட்ட மக்களின் குடியிருப்பே அங்குப் பணிக்களமாகத் தெரிவுசெய்யப்பட்டது. சர்வோதய இயக்கத்தின் தொடக்கம் அதுவே.

1983இன் பின்னர் புலம்பெயர்ந்தோர் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து ஊருக்குப் பொருள் அனுப்புகின்றனர். தொகை பெரிது, தூரமும் பெரிது. எதனைக் கட்டுவது என்பதை அனுப்புவோரே முடிவுசெய்தால், ஊரில் வாழ்வோர் வெறும் பார்வையாளராவர். பிடியரிசியின் உயிர், கொடுப்போரும் பயன்பெறுவோரும் ஒருவராய் இருந்தமையே. அவ்வுயிரைப் பேணி, அன்று வேலிக்கு வெளியே நின்றோரையும் ஊர்க்கூட்டத்தில் சமமாய் அமர்த்தும்பொழுதே ஊர்ப்பணி என்னும் பெயர் முழுமையான பொருள் பெறும்.