பசியறிந்து இட்டவர்கள்

நிலத்தடி நீரில் கலந்த ரசாயனத்தைப் பாக்டீரியா தின்று தீர்க்கும் என்றால், ஆய்வகத்தில் பிறந்த ஏதோ அதிசயக் கிருமி என்றே என் மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நுண்ணுயிரியல் வாத்தியாரான நான் அவர்களுக்கு முதலில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலுள்ள ஆம்ப்ளர் என்ற ஊரின் கதையைச் சொல்வேன்.

1970-களின் தொடக்கத்தில் அங்கே குழாய் கசிந்து, பெட்ரோல் நிலத்தடி நீரில் கலந்தது. பம்பு வைத்து இறைத்தார்கள். வந்தவரை வந்தது, பாறை இடுக்கில் ஒட்டியது அசையவில்லை. சன் ஆயில் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் ரிச்சர்ட் ரேமண்ட், பெட்ரோலைத் தின்னும் பாக்டீரியா அந்த நீரிலேயே இருப்பதைக் கண்டார். தீனி ஏராளம், ஆக்சிஜன், நைட்ரஜன், பாஸ்பரஸ்தான் பற்றாக்குறை. வயலுக்கு உரமிடுவதுபோல் அந்தச் சத்துகளைக் கிணறுகள் வழியே இறக்கி, கம்ப்ரசரால் காற்றையும் செலுத்தினார்கள். பாக்டீரியா பெருகியது, பெட்ரோல் கரைந்தது. 1974-ல் ரேமண்டின் முறைக்குக் காப்புரிமை கிடைத்தது.

உலர்சலவைக்குப் பயன்படும் டெட்ராகுளோரோஎத்திலீனிடம் இந்த வித்தை பலிக்கவில்லை. அது தண்ணீரைவிடக் கனம். ஆழத்தில் போய்த் தங்கிவிடும். காற்றுள்ள இடத்தில் பெரும்பாலும் எந்தப் பாக்டீரியாவும் அதைச் சீண்டாது. காற்றில்லாத இடத்தில் அதன் நான்கு குளோரின் அணுக்களும் ஒவ்வொன்றாகக் கழலும் என்பது 1980-களில் தெரியவந்தது. அதிலும் ஒரு வில்லங்கம். ஒரே ஒரு குளோரின் மிஞ்சும்போது கிடைப்பது வினைல் குளோரைடு; புற்றுநோய் உண்டாக்குவது. பாதியில் நின்றால், தொடங்கியதைவிட மோசமான நஞ்சு கையில் இருக்கும்.

கடைசிக் குளோரினையும் கழற்றி எத்திலீன்வரை கொண்டுபோகும் பாக்டீரியாவைக் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 1997-ல் அறிவித்தார்கள். அது அகப்பட்டது இத்தாக்கா நகரின் கழிவுநீர் நிலையத்தில். டீஹாலோகோகாய்ட்ஸ் என்று பெயர். நாம் ஆக்சிஜனைச் சுவாசிக்கும் வேலைக்கு அது குளோரின் சேர்மத்தைப் பயன்படுத்துகிறது, ஹைட்ரஜனை உண்கிறது, ஆக்சிஜன் பட்டால் தாங்காது. அதனால் களத்தில் சர்க்கரைப்பாகையோ தாவர எண்ணெயையோ நிலத்துக்குள் செலுத்துகிறார்கள். வேறு கிருமிகள் அதைப் புளிக்கவைத்து, இருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்து, ஹைட்ரஜனை உண்டாக்கித் தருகின்றன. இந்தப் பாக்டீரியா இல்லாத மண்ணுக்கு வெளியிலிருந்து கொண்டுவந்தும் விடுகிறார்கள். டெக்சஸின் கெல்லி விமானப்படைத் தளத்தில் அப்படித்தான் செய்தார்கள்.

ரேமண்ட் காற்றைக் கொடுத்து ஜெயித்தார்; பின்னால் வந்தவர்கள் அதே காற்றை மறுத்து ஜெயித்தார்கள். ஆகவே, ‘எந்தக் கிருமி?’ என்ற கேள்வியை நான் தேர்வில் வைப்பதில்லை. அந்த மண்ணில் எது குறைகிறது, எது மிகுகிறது என்று கேட்பேன். அதற்குப் பதில் எழுதத் தெரிந்தவர் கிருமியின் பெயரைப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.