எரியாத குப்பைக்கு ஓர் எரியுலை: சில கொள்வனவுகளின் கதை

1897ஆம் ஆண்டு ஜூன் மாதம் 28ஆம் திகதி லண்டனின் ஷோர்டிச் பகுதியில் ஒரு மின்னிலையம் திறந்துவைக்கப்பட்டது. திறந்துவைத்தவர் அக்காலத்துப் பௌதிக விஞ்ஞானிகளுள் முதன்மையானவராகக் கருதப்பட்ட கெல்வின் பிரபு. அந்நிலையத்தின் கொதிகலன்களைச் சூடாக்கியது, அயலிலுள்ள வீடுகளிலிருந்து வண்டிகளிற் கொண்டுவந்து கொட்டப்பட்ட குப்பை. 'புழுதியிலிருந்து ஒளியும் வலுவும்' என்று பொருள்படும் இலத்தீன் வாசகமொன்றைக் கட்டிடத்திற் பெருமையோடு பொறித்து வைத்தார்கள். அக்கட்டிடம் இன்றும் நிற்கிறது. இப்போது அங்கே சர்க்கஸ் கலை பயிற்றுகிறார்கள்.

அந்தக் குப்பை ஏன் எரிந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. விக்டோரியா காலத்து லண்டனில் வீடுதோறும் நிலக்கரி அடுப்புகள் இருந்தன. பாதி எரிந்த கரித்துண்டுகள் சாம்பலோடு சேர்ந்து குப்பைத் தொட்டிக்குப் போயின. ஆகவே குப்பை என்று அவர்கள் உலையிலிட்டதில் ஒரு பங்கு உண்மையில் நிலக்கரியே. இயந்திரத்தின் திறமைக்குக் கிடைத்த புகழில் பாதியாவது அந்த அடுப்புகளுக்கு உரியது.

பத்திரிகையாளனாக இருந்த நீண்ட காலத்தில் உள்ளூராட்சி மன்றங்களின் கேள்விப்பத்திரங்கள் பலவற்றை நான் படித்திருக்கிறேன். வீதி உருளை வாங்குவதற்கும் நீரிறைக்கும் இயந்திரம் வாங்குவதற்கும் எழுதப்படும் நிபந்தனைகள் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தவை. குப்பை எரியுலை அந்த அச்சுக்குள் அடங்காத பண்டம். இங்கே வாங்குபவரே வழங்குநரும் ஆகிறார். இயந்திரத்தைக் கம்பனி வழங்குகிறது. அதற்கான எரிபொருளை ஒவ்வொரு நாளும் நகரம் வழங்கவேண்டும். கம்பனியின் சரக்கை மட்டும் பரிசோதித்து, தன் சரக்கைப் பரிசோதிக்காமற் கையொப்பமிடும் நகரம் என்ன கதிக்கு ஆளாகும் என்பதற்கு டில்லியே சாட்சி.

டில்லியின் வடபகுதியிலுள்ள திமார்பூரில், டென்மார்க்கைச் சேர்ந்த வோலுண்ட் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு ஓர் எரியுலை 1987இல் நிறைவுபெற்றது. நாளொன்றுக்கு 300 தொன் குப்பையை எரித்து 3.75 மெகாவாற் மின்சாரம் பெறுவது திட்டம். கோடிக்கணக்கான ரூபா அதிற் போடப்பட்டது. சோதனை ஓட்டமாக 21 நாட்கள் இயங்கியது. அத்துடன் சரி.

வழங்குநர் அனுபவமற்றவர் என்று சொல்ல முடியாது. டென்மார்க் இத்துறையில் மூத்த நாடு. கோபன்ஹேகனை அடுத்துள்ள பிரடெரிக்ஸ்பேர்க் நகரம் 1903இலேயே குப்பையை எரித்து அதன் வெப்பத்தை ஒரு மருத்துவமனைக்கு அனுப்பியது. டில்லியிற் பிசகியது வேறொன்று. உலை தொடர்ந்து எரிவதற்குக் கிலோ ஒன்றுக்கு ஏறக்குறைய 1,460 கிலோ கலோரி வெப்பம் தரும் குப்பை தேவை என்று வடிவமைத்திருந்தார்கள். டில்லிக் குப்பை தந்ததோ 600 முதல் 700 வரை.

இந்த எண்களின் பொருளைச் சற்று விளக்கவேண்டும். ஒரு கிலோ நீரை ஆவியாக்குவதற்கு மட்டும் ஏறத்தாழ 540 கிலோ கலோரி செலவாகிறது. அதைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் செலவு வேறு. வாழையிலையும் மரக்கறிக் கழிவும் மிகுந்த ஒரு கிலோ குப்பையிற் பாதி நீர் என்றால், 300 கிலோ கலோரி வெப்பம் அதை உலர்த்துவதிலேயே போய்விடும். எஞ்சியதில் வீதி கூட்டிய மண்ணும் சாம்பலும் கலந்திருக்கும். மண் எரியாது. அத்தகைய குப்பையை எரியவைக்கக் காசு கொடுத்து வேறு எரிபொருள் வாங்கி ஊற்றவேண்டும். மின்சாரம் விற்க வந்தவர் எண்ணெய் வாங்கும் நிலை அது.

டென்மார்க்கின் குப்பையில் எரிவது கடதாசியும் அட்டையும் பிளாஸ்ரிக்கும். டில்லியிலும் அவை இருந்தன. ஆனால் குப்பைமேட்டை வந்தடையவில்லை. வீட்டுக்காரர் பழைய பத்திரிகையைக் கபாடிவாலாவுக்கு நிறுத்து விற்றார். அவரிடம் தப்பியதைச் சாக்குப் பையோடு விடியற்காலையிற் புறப்படும் பொறுக்குநர்கள் எடுத்துக்கொண்டார்கள். டில்லியில் மிகச் சிக்கனமாக இயங்கிவந்த மீள்சுழற்சித் தொழில் அவர்களுடையது. சம்பளமில்லாத அந்தத் தொழிலாளர் எந்தத் திட்ட அறிக்கையிலும் ஒரு வரியாகக்கூட இடம்பெறுவது அரிது. அவர்களைக் கணக்கிலெடுத்து, மழைக்காலத்திலும் கோடையிலும் சில மாதங்கள் குப்பையை நிறுத்துப் பார்த்து, உலர்த்தி, எரித்துப் பார்த்திருந்தால் விடை கிடைத்திருக்கும். அச்சோதனைக்கு ஆகும் செலவு, கட்டிய உலையின் விலையில் ஒரு துளி.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1999இல், உலக வங்கி இத்துறைக்கென ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. குப்பையின் வெப்பப் பெறுமானம் ஆண்டுச் சராசரியிற் கிலோவுக்கு 7 மெகாயூலுக்குக் குறையலாகாது, எந்தப் பருவத்திலும் 6 மெகாயூலுக்குக் கீழே இறங்கலாகாது என்பது அதன் முதன்மையான நிபந்தனைகளுள் ஒன்று. 6 மெகாயூல் என்பது ஏறக்குறைய 1,430 கிலோ கலோரி. திமார்பூர் உலை கேட்டதும் அவ்வளவுதானே!

அப்பெயர் அத்தோடு மறைந்துவிடவில்லை. திமார்பூர் - ஒக்லா என்ற பெயரைத் தாங்கிய மற்றொரு திட்டத்தின் எரியுலை, டில்லியின் தென்பகுதியான ஒக்லாவில் 2012இல் இயங்கத் தொடங்கியது. அனுமதி பெறும்போது சொல்லப்பட்ட தொழில்நுட்பம் வேறு, நிறுவப்பட்டது வேறு என்று அயலிலுள்ள குடியிருப்பாளர்கள் குற்றஞ்சாட்டி வழக்காடினார்கள். 2017இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அந்த ஆலைக்கு 25 இலட்சம் ரூபா சுற்றாடல் நட்டஈடு விதித்தது. ஆலையை மூடச் சொல்லவில்லை.

டில்லியிற் பிழைத்தது எரிபொருள். அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தின் தலைநகரான ஹரிஸ்பேர்க்கில், குப்பையிற் குறையில்லை, பிழைத்தது ஒப்பந்தம். அந்நகரின் எரியுலை 1972இல் தொடங்கியது. டயொக்சின் நச்சு வெளியேற்றம் தொடர்பான மத்திய அரசின் விதிகளை நிறைவுசெய்ய முடியாமல் 2003இல் மூடப்பட்டது. அதைப் புதுப்பிக்க அவ்வாண்டிலேயே 125 மில்லியன் டொலர் கடன் எடுத்தார்கள். கடனுக்கு நகரமே உத்தரவாதம் அளித்தது. வேலை பார்லோ என்ற சிறிய நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. செயலாற்றுகைப் பிணை கேட்கப்படவில்லை.

செயலாற்றுகைப் பிணை என்பது, ஒப்பந்தகாரர் வேலையை இடையிற் கைவிட்டால் அதனால் வரும் நட்டத்தை வங்கியோ காப்புறுதிக் கம்பனியோ பொறுப்பேற்கும் உறுதிப்பத்திரம். எங்களூரில் ஒரு மதகு கட்ட வருபவரிடமே அதைக் கேட்பார்கள்! அதற்கு இன்னொரு பயனும் உண்டு. பிணை கொடுக்கும் நிறுவனம் தன் பணத்துக்குப் பயந்து ஒப்பந்தகாரரின் கணக்கையும் அனுபவத்தையும் துருவிப் பார்க்கும். அதன் வாசலைத் தாண்ட முடியாதவர் நகரத்தின் வாசலுக்கு வரமாட்டார். ஹரிஸ்பேர்க்கில் அந்த வாசல் திறந்தே கிடந்தது.

பணம் தீர்ந்தது, வேலை தீரவில்லை. பார்லோ விலக்கப்பட்டு, 2007இல் கொவன்ரா என்ற பெரிய நிறுவனம் வந்தது. மேலும் கடன் ஏறியது. ஏறத்தாழ 50,000 பேர் வாழும் அந்நகரம் எரியுலைக்காகப் பட்ட கடன் 300 மில்லியன் டொலரை நெருங்கிற்று. 2011 ஒக்டோபரில் நகர சபை வங்குரோத்து மனுத் தாக்கல் செய்தது. அடுத்த மாதமே நீதிமன்றம் அதைத் தள்ளிவிட, மாநில அரசு நியமித்த நிர்வாகியின் கைக்கு நகரத்தின் நிதி போனது. 2013 இறுதியில் உலையை வேறொரு மாவட்டத்தின் கழிவு முகாமை அதிகாரசபைக்கு விற்றார்கள். நகரத்தின் வாகனத் தரிப்பிடங்களும் நீண்டகாலக் குத்தகைக்குப் போயின. கடனைக் கட்ட, குப்பையோடு யாதொரு தொடர்புமில்லாத சொத்துகளும் கைமாறின.

இனி எங்கள் கதை. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டுத் தினத்தன்று, கொழும்பு மீதொட்டமுல்லையிற் குப்பைமலை சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் எரியுலை என்ற சொல்லுக்கு இலங்கையில் எதிர்ப்புக் குறைந்துபோனதில் வியப்பில்லை. கெரவலப்பிட்டியில் 10 மெகாவாற் ஆலை 2021 பெப்ரவரியில் திறந்துவைக்கப்பட்டது. கொழும்பின் குப்பையிற் பாதிக்கு மேல் உணவுக் கழிவு, ஈரமானது. இவ்விடயத்தில் நாம் டென்மார்க்கைவிட டில்லிக்கு நெருங்கிய உறவினர். ஈரக் குப்பையோடு வாழ வழியே இல்லை என்பதல்ல. சீனாவில் ஒரு வாரம் வரை குழியிற் கிடத்தி, நீரை வடியவிட்டு எரிக்கிறார்கள். ஆனால் அந்தக் குழியையும் வடியும் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவையும் வாங்குபவரே முன்கூட்டிக் கேட்டு எழுதவேண்டும்.

இத்தகைய ஒப்பந்தங்கள் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு நகரங்களைக் கட்டிப்போடக்கூடியவை. தினமும் இத்தனை தொன் தராவிட்டால் தண்டம் என்ற வாசகம் அவற்றில் இருந்தால், குப்பையைக் குறைக்கும் நகரமே தண்டம் கட்டும். வெப்பப் பெறுமானம் குறைந்தால் நட்டம் யாருக்கு, புகைபோக்கியை அளப்பவர் யார், அந்த அளவீடு மக்களுக்குக் காட்டப்படுமா, பிணை எத்தனை ரூபாவுக்கு, எந்த வங்கியினுடையது என்பனவெல்லாம் பெரும்பாலும் பின்னிணைப்புகளில்தான் இருக்கும். திறப்புவிழாச் செய்தியில் அவை வருவதில்லை. எங்கள் பத்திரிகைகளும் கேட்டதில்லை. இலங்கையில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பொது அதிகாரசபைகளிடமுள்ள அத்தகைய ஆவணங்களைப் பிரசைகள் எவரும் எழுத்தில் கோரலாம். விண்ணப்பத்திற்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை.