‘கலைக்காதே, பெற்றுக் கொடுத்துவிடு’: வாவிக் கரையிலிருந்து சில குறிப்புகள்

“கலைக்காதே, பெற்று யாருக்காவது கொடுத்துவிடு.” எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இந்த ஆலோசனையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். கொடுப்பது எப்படி என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை 303ஆம் பிரிவின்படி, தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றி வேறெந்தக் காரணத்துக்காகவும் கருக்கலைப்புச் செய்வது குற்றம். 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். வன்புணர்வால் உண்டான கருவுக்கும் விலக்கில்லை. 1995இல் வந்த திருத்த முயற்சி கைவிடப்பட்டது. 2017இல் வந்தது மதத் தலைவர்களின் எதிர்ப்போடு நின்றுபோனது. ஆகவே மகவேற்பை ‘மாற்றுவழி’ என்பது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. மாற்று என்றால் இரண்டு வழி இருக்க வேண்டும்.

மகவேற்பு 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. பெற்றவளின் சம்மதமும் நீதிமன்றக் கட்டளையும் வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் தரகரிடம் பிள்ளையைக் கொடுப்பது மகவேற்பு அல்ல. 1980களில் ஆயிரக்கணக்கான இலங்கைக் குழந்தைகள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பலருடைய பத்திரங்கள் போலி. தாயாக நடித்துக் கையளித்த பெண்களும் இருந்தார்கள். 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சியான செம்ப்ளா இதை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 2021இல் அந்த நாடு வெளிநாட்டு மகவேற்பையே இடைநிறுத்தியது. அந்தக் குழந்தைகள் வளர்ந்து இன்று தாயைத் தேடி இங்கே வருகிறார்கள். கையளித்த பிள்ளைக்கு என்ன நடந்தது என்று தெரியாமல் வாழ்வது எப்படிப்பட்டது என்பதை எங்கள் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

எங்கள் பகுதியில் இன்னொரு வழியும் உண்டு. மட்டக்களப்பில் குடி தாய்வழியாக வருகிறது. தகப்பன் யாரென்று தெரியாவிட்டாலும் பிள்ளைக்குக் குடி இருக்கிறது. படுவான்கரையில் நான் சந்தித்த ஒரு பெண், 19 வயதில் பெற்ற மகனைக் கொடுக்கவில்லை. அம்மம்மா வளர்க்கிறார். “ஊர் ஒரு வருசம் கதைச்சிது, பிறகு விட்டுட்டுது,” என்றார். எல்லா வீட்டிலும் அப்படி ஓர் அம்மம்மா இருப்பதில்லை. போரில் அவரையும் இழந்த வீடுகள் உண்டு.

கொடுப்பதே முடிவென்றால், பிரசவத்துக்கு முன்பே குடும்பநல உத்தியோகத்தரிடமோ, பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமோ பேசுங்கள். பிள்ளைக்குப் பணம் தருவதாக யாராவது வந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். எழுதாத வெற்றுத் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். பிறப்புப் பதிவில் தகப்பன் பெயர் இல்லாமலும் பதியலாம்; தாயின் பெயர் உங்களுடையதாகவே இருக்கட்டும்.